விற்க ஆளில்லாத முத்திரைத்தாள்: அமெரிக்கக் குடியேற்றங்களில் 1765ஆம் ஆண்டுச் சட்டம் முடங்கிய விதம்

பத்திரம் பதிய முத்திரைத்தாள் வாங்கிய எவருக்கும் இந்த வரியின் அமைப்பு தெரியும். தாளை விலை கொடுத்து வாங்கும்போதே வரி கட்டியாகிவிட்டது. வீடு தேடி வரும் வசூல்காரன் கிடையாது. தாள் இல்லாமல் எழுதிய ஆவணம் நீதிமன்றத்தில் செல்லாது என்பதால், மக்கள் தாமாகவே வந்து வாங்குவார்கள். இங்கிலாந்தில் இது 1694இலேயே வந்துவிட்டது. எழுபது ஆண்டுகள் பெரிய சச்சரவில்லாமல் பணம் தந்த ஏற்பாடு. அதை 1765இல் அட்லாண்டிக்கின் மறுகரைக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த பதின்மூன்று பிரிட்டிஷ் குடியேற்றங்களில் பன்னிரண்டில் ஒரு தாள்கூட விற்கவில்லை. பதினோரு ஆண்டு கழித்து அவை தனிநாடாகிவிட்டன.

"பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை" என்ற முழக்கத்தோடு இந்தக் கதையை முடித்துவிடுவது பாடப்புத்தக வழக்கம். முழக்கம் உண்மைதான். ஆனால் முழக்கத்துக்கு ஒரு சட்டத்தை நிறுத்தும் வலு கிடையாது. இந்தச் சட்டம் எந்த இடத்தில் பிடித்தால் நிற்கும் என்பதை எதிர்த்தவர்கள் சரியாகக் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்தை அவர்களுக்கு அமைத்துக் கொடுத்ததே சட்டத்தை எழுதியவர்கள்தான்.

கணக்கு எப்படித் தொடங்கியது

ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரிட்டனின் தேசக் கடன் 12 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. பிரான்ஸிடமிருந்து கைப்பற்றிய கனடாவையும் மேற்கு எல்லையையும் காக்க அமெரிக்காவில் ஏறக்குறைய 10,000 படைவீரர்களை நிறுத்துவது என்று முடிவானது. அதற்கு ஆண்டுக்கு 2 லட்சம் பவுண்டுக்கு மேல் தேவை. பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் கணக்கில் கறாரானவர். செலவு யாருக்காகவோ, அவர்களும் ஒரு பங்கு தரட்டும் என்பது அவர் வாதம். முத்திரை வரியிலிருந்து அவர் எதிர்பார்த்தது ஆண்டுக்குச் சுமார் 60,000 பவுண்டு. முழுச் செலவில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பணமும் அமெரிக்காவின் பாதுகாப்புக்கே செலவாகும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது.

1764 ஏப்ரலில், இறக்குமதித் தீர்வை விதித்த சர்க்கரைச் சட்டம் வந்தபோதே முத்திரை வரியும் வரக்கூடும் என்று அறிவித்து, ஓராண்டு அவகாசம் கொடுத்தார் கிரென்வில். தாராளம்போலத் தோன்றும். குடியேற்றங்கள் அந்த ஓராண்டில் மனு எழுதின, துண்டறிக்கை அச்சிட்டன, ஒன்றுக்கொன்று கடிதம் போட்டுக்கொண்டன. 1765 பிப்ரவரி 2ஆம் தேதி கிரென்வில் லண்டனில் இருந்த அவற்றின் முகவர்களை அழைத்தார். பென்சில்வேனியாவுக்காக பெஞ்சமின் பிராங்க்ளினும் கனெக்டிகட்டுக்காக ஜேரட் இங்கர்சாலும் அவர்களில் இருந்தார்கள். "நீங்களே வசூலித்துத் தருவதென்றால், எந்தக் குடியேற்றம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?" என்பது கேள்வி. அவர்களால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு குடியேற்றத்துக்கும் தனிச் சட்டமன்றம், தனிக் கருவூலம். பங்கு பிரிக்கும் பொது மன்றம் எதுவும் அப்போது கிடையாது. அப்படியொரு மன்றத்தை எட்டே மாதத்தில் கூடவைத்தது இந்தச் சட்டமேதான்.

நாடாளுமன்றத்தில் மசோதா தடங்கலின்றி நகர்ந்தது. பிப்ரவரி 6 வாக்கெடுப்பில் 245க்கு 49. பண மசோதாவுக்கு எதிரான மனுக்களை ஏற்பதில்லை என்ற மரபைக் காட்டி, குடியேற்றங்களின் மனுக்களைப் படிக்காமலே ஒதுக்கினார்கள். மார்ச் 22இல் அரச ஒப்புதல். நவம்பர் 1 முதல் நடைமுறை.

சட்டத்தின் உறுப்புகள்

கருவூலச் செயலர் தாமஸ் வாட்லி தயாரித்த பட்டியலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். சிலவற்றின் கட்டணம் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு): நீதிமன்றத்தில் தாக்கலாகும் வாதுரைக்கு 3 பென்ஸ். கப்பல் சரக்குச் சீட்டுக்கு 4 பென்ஸ். கல்லூரிப் பட்டச் சான்றிதழுக்கு 2 பவுண்டு. வக்கீலாகப் பதிய 10 பவுண்டு. செய்தித்தாள் அரைத்தாள் அளவென்றால் பிரதிக்கு அரை பென்னி, முழுத்தாள் என்றால் ஒரு பென்னி. அதில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங். சீட்டுக்கட்டுக்கு ஒரு ஷில்லிங், ஒரு ஜோடி பகடைக்கு 10 ஷில்லிங். பஞ்சாங்கமும் தப்பவில்லை. ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுதினால் இரட்டைக் கட்டணம். பென்சில்வேனியாவின் ஜெர்மன் அச்சகங்களுக்கு இது நேரடி அடி.

இங்கிலாந்தில் இருந்த கட்டணங்களோடு ஒப்பிட்டால் இவற்றில் பல குறைவு. தொகையை மட்டும் பார்த்தால் சட்டம் கொடியதல்ல. கோளாறு நான்கு இடங்களில் இருந்தது.

முதலாவது தாள். வெற்றுத் தாளை லண்டன் முத்திரை அலுவலகத்தில் அச்சில் அழுத்தி, புடைப்பு முத்திரை பதித்து, கட்டுக்கட்டாகக் கப்பலில் அனுப்ப வேண்டும். மேலே கிரீடம், நடுவே ரோஜா, "அமெரிக்கா" என்ற சொல். தோல்தாளில் புடைப்பு நிற்காது என்பதால், நீலக் காகிதத் துண்டில் முத்திரை பதித்து அதை உலோகப் பட்டையால் தோல்தாளோடு இணைத்து, பட்டையை மறைக்கப் பின்புறம் ஒரு சிறு வில்லை ஒட்டினார்கள். கள்ள முத்திரைக்கு மரண தண்டனை. ஆக, போலியும் வராது, உள்ளூரில் அச்சிடவும் முடியாது. கப்பல் வந்தால்தான் தாள். தாள் இறங்கினால்தான் நீதிமன்றம், துறைமுகம், அச்சகம் எல்லாம் நடக்கும்.

இரண்டாவது ஆள். குடியேற்றம் ஒன்றுக்கு ஒரு தலைமை விநியோகஸ்தர். வெளியிலிருந்து அதிகாரிகளை அனுப்பினால் வெறுப்பு வரும் என்று, உள்ளூர்ப் பெரிய மனிதர்களையே தேர்ந்தார் கிரென்வில். மாசசூசெட்ஸில் ஆண்ட்ரூ ஆலிவர், கனெக்டிகட்டில் இங்கர்சால், வர்ஜீனியாவில் ஜார்ஜ் மெர்சர், நியூயார்க்கில் ஜேம்ஸ் மெக்எவர்ஸ், பென்சில்வேனியாவில் பிராங்க்ளின் சிபாரிசு செய்த நண்பர் ஜான் ஹியூஸ். நயமான யோசனைதான். ஆனால் உள்ளூர்க்காரர் என்றால் வீடு எங்கே என்பது ஊருக்கே தெரியும். மனைவி மக்களும் அங்கேதான் இருப்பார்கள். அவர் விலகினால் அந்த இடத்தில் உடனே அமர்த்த மாற்று ஆளும் இல்லை.

மூன்றாவது காசு. வரியை ஸ்டெர்லிங் என்ற பிரிட்டிஷ் நாணயத்திலோ, அவுன்ஸுக்கு 5 ஷில்லிங் 6 பென்ஸ் மதிப்பில் வெள்ளியாகவோ கட்ட வேண்டும். குடியேற்றங்களில் அன்றாடம் புழங்கியதோ உள்ளூர்க் காகிதப் பணம். புதிதாக அச்சிடும் காகிதப் பணம் செல்லுபடியாகும் நாணயமாக இருக்கக் கூடாது என்று 1764 நாணயச் சட்டம் வேறு தடுத்திருந்தது. கொஞ்சநஞ்ச வெள்ளியும் சுங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான்காவது வழக்கு மன்றம். வரி ஏய்ப்பு வழக்குகளை ஜூரி இல்லாத கடல்வழக்கு நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகலாம் என்றது சட்டம். கப்பல் தகராறுகளுக்காக ஏற்பட்ட மன்றம் அது. உள்ளூர் ஜூரி வரி ஏய்த்தவரைத் தண்டிக்காது என்பது லண்டனின் அனுபவம். தவறான கணிப்பென்று சொல்ல முடியாது. ஆனால் நிலப்பத்திரத்துக்கும் கடல்வழக்கு மன்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு விவசாயி கேட்டால் பதிலில்லை.

இவற்றுக்கு மேல், வரி யார்மேல் விழுகிறது என்று பாருங்கள்: வக்கீல், அச்சுக்காரர், கப்பல் வணிகர், சாராயக் கடைக்காரர். ஊரில் பேசத் தெரிந்தவர்கள், எழுதத் தெரிந்தவர்கள், கூட்டம் கூட இடம் வைத்திருப்பவர்கள் என்று தேடித் தேடி எடுத்ததுபோல ஒரு பட்டியல்.

முத்திரை வரி என்பதே அமெரிக்கர்களுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1750களில் போர்ச் செலவுக்காக மாசசூசெட்ஸும் நியூயார்க்கும் தத்தம் சட்டமன்றங்கள் மூலம் சில ஆண்டுகள் இதே வரியை விதித்திருந்தன. யார் வீடும் இடிபடவில்லை. வர்ஜீனியாவில் 1619 முதலே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் கூடி வந்தார்கள். பல குடியேற்றங்களில் ஆளுநரின் சம்பளமே சட்டமன்றம் வாக்களித்தால்தான். பணப்பையின் முடிச்சு தங்கள் கையில் இருக்கிறது என்பது அவர்களுக்குக் கோட்பாடு அல்ல, தலைமுறைகளாகப் பழகிய அன்றாட நிர்வாகம். மான்செஸ்டருக்கும் பர்மிங்ஹாமுக்கும்கூட நாடாளுமன்றத்தில் உறுப்பினர் இல்லையே, அவர்கள் கட்டவில்லையா என்று வாட்லி கேட்டது, இந்தப் பழக்கத்தின் முன்னால் எடுபடவில்லை.

மே முதல் அக்டோபர் வரை

மே மாத இறுதியில் வர்ஜீனியா சட்டமன்றத்தின் 116 உறுப்பினர்களில் 39 பேர்தான் வில்லியம்ஸ்பர்கில் மிச்சம். மற்றவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, புதிதாக வந்த பேட்ரிக் ஹென்றி தீர்மானங்களைக் கொண்டுவந்தார். ஐந்து நிறைவேறின. வரி விதிக்கும் உரிமை வர்ஜீனியா சட்டமன்றத்துக்கு மட்டுமே என்ற ஐந்தாவது, ஒரே வாக்கில் தேறியது. மறுநாள் ஹென்றி கிளம்பிப் போனதும் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் வெளியூர்ச் செய்தித்தாள்களுக்குப் போனது நீக்கிய பிரதி அல்ல. ஜூன் 24இல் நியூபோர்ட் மெர்குரி தொடங்கிவைக்க, அவையில் நிறைவேறாத காரமான தீர்மானங்களும் சேர்ந்து அச்சாயின. படித்தவர்கள் வர்ஜீனியா முழுதும் அப்படி முடிவெடுத்துவிட்டது என்று நம்பினார்கள். அச்சுக்காரர்மேல் வரி போட்டதன் முதல் பலன்.

பாஸ்டனில் வேலை வேறு விதமாக நடந்தது. லாயல் நைன் என்ற ஒன்பது பேர் குழு: சாராயம் வடிப்பவர், பித்தளைப் பட்டறைக்காரர், பாஸ்டன் கெசட் அச்சிட்ட பெஞ்சமின் ஈட்ஸ் போன்ற நடுத்தரத் தொழில்காரர்கள். தெருவில் ஆள் திரட்ட அவர்கள் பிடித்தது எபனேசர் மக்கின்டாஷ் என்ற செருப்புத் தொழிலாளியை. நகரின் தென்பகுதிக் கும்பலின் தலைவர். ஆகஸ்ட் 14 காலையில் ஒரு பெரிய எல்ம் மரத்தில் ஆலிவரின் கொடும்பாவி தொங்கியது. பக்கத்தில் ஒரு பெரிய பூட்ஸ், அதிலிருந்து எட்டிப் பார்க்கும் பிசாசு. முன்னாள் பிரதமர் பியூட் பிரபுவின் பெயரை வைத்துச் செய்த கேலி. மாலையில் ஊர்வலம் போய், முத்திரை அலுவலகம் என்று பேச்சு அடிபட்ட ஆலிவரின் புதுக் கட்டடத்தை இடித்துத் தள்ளியது. பிறகு அவர் வீட்டுக்குள் புகுந்தது. ஆளுநர் பெர்னார்ட், முரசு கொட்டி ஊர்க்காவல் படையைத் திரட்டச் சொன்னார். முரசடிப்பவர்களே அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள் என்று பதில் வந்தது. மறுநாள் ஆலிவர் விலகுவதாக உறுதி கொடுத்தார். நியமன ஆணை அவர் கைக்கு அதுவரை வந்துகூடச் சேரவில்லை.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆகஸ்ட் 26 இரவு கும்பல் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் வீட்டைச் சூறையாடியது. கூரை மாடத்தை அறுத்துத் தள்ளினார்கள், ரொக்கம் போனது, அவர் எழுதிக்கொண்டிருந்த வரலாற்றின் கையெழுத்துப் பிரதி தெருச் சேற்றில் கிடந்தது. சேதம் 2,000 பவுண்டுக்கு மேல். ஹட்சின்சனோ இந்த வரி கூடாது என்று லண்டனுக்குத் தன் கருத்தை எழுதியவர். திரட்டியவர்களுக்கே தெருவின் மீது முழுப்பிடி இல்லை என்பது அன்று தெரிந்தது. அதன்பின் பாஸ்டன் தலைவர்கள் நவம்பர் ஊர்வலங்களை ஆயுதமில்லாமல், வரிசை குலையாமல் நடத்த மெனக்கெட்டார்கள்.

பாஸ்டன் காட்டிய வழி பரவியது. ரோட் ஐலண்டில் ஆகஸ்ட் முடிவதற்குள் அகஸ்டஸ் ஜான்ஸ்டன் விலகினார். மேரிலாந்தில் சகரையா ஹூட்டின் கட்டடத்தைப் பிரித்தெறிந்தார்கள்; அவர் நியூயார்க்குக்கு ஓடினார். மெக்எவர்ஸ் தன் வீட்டுக்கு யாரும் வருமுன்பே விலகிவிட்டார். இங்கர்சாலுக்கு நடந்தது சற்று வினோதம். லண்டனில் வாட்லியிடம் வாதாடிச் சில இனங்களைப் பட்டியலிலிருந்து நீக்க வைத்தவர் அவர். அந்த நம்பிக்கையில்தான் பதவியையே ஏற்றார். செப்டம்பர் 19இல் வெதர்ஸ்ஃபீல்டில் ஏறக்குறைய 500 குதிரைக்காரர்கள் அவரை மறித்தார்கள். சில மணி நேரம் பேசிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தொப்பியைக் கழற்றி வீசி "சுதந்திரம், சொத்து" என்று மூன்று முறை கத்தவும் வைத்தார்கள். பிலடெல்பியாவில் பிராங்க்ளின்மீதே சந்தேகம் திரும்ப, அவர் மனைவி டெபோரா துப்பாக்கிகளோடு வீட்டைக் காத்தார். வர்ஜீனியாவின் மெர்சர் அக்டோபர் 30இல் வந்திறங்கி, மறுநாளே விலகினார்.

அக்டோபர் 7 முதல் 25 வரை நியூயார்க் நகர மண்டபத்தில் ஒன்பது குடியேற்றங்களின் 27 பிரதிநிதிகள் கூடினார்கள். வர்ஜீனியா, வட கரோலினா, ஜார்ஜியா ஆகியவற்றின் ஆளுநர்கள் சட்டமன்றத்தைக் கூட்டவிடாததால் அவை வரவில்லை. நியூ ஹாம்ப்ஷயர் தானாகவே ஒதுங்கியது. ஜான் டிக்கின்சன் கை முக்கியமாகப் பட்ட பதினான்கு அம்ச அறிக்கை நாடாளுமன்றத்துக்குக் கீழ்ப்படிதலைச் சொல்லித்தான் தொடங்குகிறது. வரியும் ஜூரி இல்லாத மன்றமும் கூடாது என்று முடிகிறது. மிதமான ஆவணம். அரச ஆணை இல்லாமல் குடியேற்றங்கள் தாமாகவே கூடிப் பேசின என்பதுதான் அதில் புதியது.

நவம்பர் 1க்குப் பிறகு

இங்குதான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். விநியோகஸ்தர்கள் விலகியதோடு போராட்டம் வென்றுவிடவில்லை. தாள் கோட்டைகளிலும் போர்க்கப்பல்களிலும் பூட்டிக்கிடந்தது. பாஸ்டனில் காஸில் வில்லியத்தில். நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்டையில் இருந்து, நவம்பர் 1 கலவரத்துக்குப் பின் 5ஆம் தேதி நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் முத்திரை இல்லாத ஆவணம் சட்டப்படி செல்லாது. அப்படியானால் இரண்டு வழி: எல்லாவற்றையும் மூடிவிடுவது, அல்லது சட்டமே இல்லாததுபோல நடப்பது. மூடினால் சட்டத்தை ஏற்றதாகிவிடும். திறந்தால் அதை மீறியதாகும்.

துறைமுகங்கள் முதலில் வழிக்கு வந்தன. குளிர்காலம் நெருங்குகிறது, சரக்கோடு கப்பல்கள் நிற்கின்றன, வேலையில்லாத மாலுமிகள் தெருவில். தாள் கிடைக்கவில்லை என்று சான்று எழுதி இணைத்து, முத்திரையில்லாத புறப்பாட்டுச் சீட்டுகளைச் சுங்க அதிகாரிகள் கொடுக்கத் தொடங்கினார்கள். டிசம்பருக்குள் பெரும்பாலான வடக்குத் துறைமுகங்கள் இயங்கின. டிசம்பர் 17இல், நியமன ஆணை வந்துவிட்டதால், ஆலிவரை மழையில் அதே எல்ம் மரத்தடிக்கு வரவழைத்து இரண்டாம் முறை விலக வைத்தார்கள். வட கரோலினாவின் கேப் ஃபியரில் மட்டும் வைப்பர் என்ற போர்க்கப்பல் முத்திரையில்லாத சீட்டோடு வந்த கப்பல்களைப் பிடித்தது. 1766 பிப்ரவரியில் ஆயுதம் ஏந்திய கூட்டம் பிரன்ஸ்விக்குக்கு வந்து அவற்றை விடுவிக்கச் செய்தது.

சிவில் நீதிமன்றங்கள் பல இடங்களில் மூடியே இருந்தன. இதுவே லண்டனுக்கு அதிகம் வலித்தது. நீதிமன்றம் இல்லையென்றால் அமெரிக்கக் கடன்காரர்மேல் வழக்குப் போட முடியாது. பாக்கி முழுக்க பிரிட்டிஷ் வணிகர்களுக்கு வரவேண்டியது. செய்தித்தாள்களில் சில கொஞ்ச நாள் நின்றன. பெரும்பாலானவை முத்திரை இல்லாமலே திரும்ப வந்தன.

ஜார்ஜியாவில் ஆளுநர் ஜேம்ஸ் ரைட் கடுமையாக நின்றார். விநியோகஸ்தர் வெளியூர்க்காரர், ஜனவரியில்தான் வந்தார். சவானாவில் அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்திருந்ததால், வணிகர்கள் தாள் வாங்கிப் புறப்பாட்டுச் சீட்டு எடுத்தார்கள். உறுதியான ஆளுநர், மிரட்ட உள்ளூரில் வீடில்லாத விநியோகஸ்தர், நெருக்கும் வணிகர் மூவரும் ஒரே இடத்தில் அமைந்தபோது சட்டம் சில நாளாவது ஓடியது. மற்றப் பன்னிரண்டில் இந்த மூன்றும் சேரவில்லை.

லண்டனில் பின்வாங்கல்

அக்டோபர் 31இல் நியூயார்க் வணிகர்கள், சட்டம் நீங்கும்வரை பிரிட்டிஷ் சரக்குக்குப் புதிய ஆணை அனுப்புவதில்லை என்று ஒப்பந்தம் போட்டார்கள். நவம்பரில் பிலடெல்பியா, டிசம்பரில் பாஸ்டன். கிரென்வில் ஏற்கெனவே ஜூலையில் பதவி இழந்திருந்தார். காரணம் அமெரிக்கா அல்ல, அரசருக்கும் அவருக்குமான மனக்கசப்பு. புதிய பிரதமர் ராக்கிங்ஹாம், லண்டன் வணிகர் பார்லோ டிரெகாதிக்கோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தார்: தொழில் நகரங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, சட்டத்தால் எங்கள் வியாபாரம் கெட்டது என்று மனுக்களை வரவழைத்தார். அமெரிக்கர்களின் உரிமை பற்றிப் பேசினால் தோற்றுவிடுவோம், ஆணி, துணி, கத்தி விற்கவில்லை என்று பேசினால் ஜெயிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

1766 பிப்ரவரி 13இல் பிராங்க்ளினை அவையில் நிறுத்தி 174 கேள்விகள் கேட்டார்கள். அவற்றில் பல, ஆதரவாளர்களோடு முன்பே பேசிவைத்தவை. உள்நாட்டு வரியை அமெரிக்கர்கள் ஏற்கமாட்டார்கள், துறைமுகத் தீர்வைக்கு எதிர்ப்பில்லை என்ற பொருள்பட அவர் பதில் சொன்னார். அந்த நாளுக்கு உதவிய பதில். ஆனால் குடியேற்றங்களின் தீர்மானங்கள் அப்படிப் பிரித்துப் பேசவில்லை. அடுத்த ஆண்டு சார்லஸ் டவுன்ஷெண்ட் கண்ணாடி, ஈயம், காகிதம், வண்ணப்பூச்சு, தேயிலை மீது துறைமுகத் தீர்வை போட்டபோது கையில் எடுத்தது இதே வேறுபாட்டைத்தான்.

நீக்கும் மசோதாவைக் கொண்டுவரும் தீர்மானத்துக்கு 275 வாக்கு, எதிராக 167. மார்ச் 18இல் ஒப்புதல். அதே நாளில் பிரகடனச் சட்டமும் வந்தது: எந்த விஷயத்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு என்று. "வரி" என்ற சொல்லை அதில் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். லண்டனில் அதை வரி உட்பட என்று படித்தார்கள். பாஸ்டனில் மணியடித்துக் கொண்டாடியவர்களில் பலர் வரி நீங்கலாக என்று படித்தார்கள்.

1773இல் கிழக்கிந்தியக் கம்பெனித் தேயிலையைக் கொண்டுவந்தபோது மறுபடியும் அதே அமைப்பு: கம்பெனியின் சரக்கைப் பெற்று விற்கும் ஏற்பாளர்கள் துறைமுகத்துக்குச் சில பேர் மட்டும், எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். எட்டாண்டு முன் கற்ற பாடப்படி அவர்களுக்கு அழைப்புப் போனது. நியூயார்க், பிலடெல்பியா, சார்லஸ்டன் ஏற்பாளர்கள் விலகினார்கள். பிலடெல்பியாவுக்கு வந்த கப்பல் சரக்கோடு திரும்பியது; சார்லஸ்டனில் தேயிலை சுங்கக் கிடங்குக்குள் போனது. பாஸ்டனில் நவம்பர் 3ஆம் தேதி அதே எல்ம் மரத்தடிக்கு வரச் சொன்னார்கள், ஏற்பாளர்கள் வரவில்லை. அவர்களில் இருவர் ஹட்சின்சனின் மகன்கள். ஹட்சின்சன் இப்போது ஆளுநர். கப்பல் வந்த இருபது நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்கம் சரக்கைப் பறிமுதல் செய்யும். திரும்பிப்போக அனுமதிச் சீட்டுத் தர ஆளுநர் மறுத்தார். டார்ட்மத் கப்பலுக்கான கெடு டிசம்பர் 17. 16ஆம் தேதி இரவு 342 பெட்டித் தேயிலை கடலில் விழுந்தது.